காத்திருப்பவர்களின் கிலுகிலுப்பை

அத்தானுக்கு இரண்டு பெயர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கிக்கொண்டிருந்தது. தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் 'ஆட்டப் பேராசான்'. வேலை நாட்களில் டைல்ஸ் கம்பெனியில் துணை மேலாளராக உட்கார்ந்து, குளியலறைத் தரைக்கு வழுக்காத கல் எது என்று தீர்ப்புச் சொல்லுகிற அந்த மனிதர், விடுமுறை நாட்களில் தன் வீட்டு ஹாலில், கதவளவு டிவிக்கு முன்னால், சிங்காசனம் மாதிரி ஒரு சோபாவில் சாய்ந்துகொண்டு, எந்த கேம் கன்சோல் உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லுவார். ஒரு போன் அதைப் படம் பிடிக்கும். அவருடைய சேனலில் ஏறும் அந்தப் படத்தைப் பார்க்க உலகத்தில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அந்தக் கொஞ்சம் பேரை அவர் 'என் மக்கள்' என்பார்.

அவர் மனைவியின் தங்கைக்கு வீட்டில் ஒரே பெயர்தான்: சின்னவள். பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. அது பாதி கைவேலை, பாதி காத்திருப்பு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றிவிட்டு அது இறுகக் காத்திருக்க வேண்டும். மெழுகு ஆறக் காத்திருக்க வேண்டும். ஈறு நிறத்துப் பிளாஸ்டிக் வெந்நீர்த் தொட்டியில் வேகக் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் மட்டும் எப்போது வேகும் என்று எவருக்கும் தெரியாது. இந்த இடுக்குகளுக்கெல்லாம் அவளிடம் ஒரு கையடக்க கன்சோல் இருந்தது. பழையதாக வாங்கியது, ஒரு மூலை நசுங்கியது, ஏப்ரன் பையில் அடங்குவது.

வெட்டுக்குத்து கேம்களை எல்லாம் ஆடி முடித்துச் சலித்துப்போன பிறகு, அதில் அவள் ஒன்றே ஒன்றைத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு தீவு. அதில் இடிந்துபோன ஒரு கலங்கரை விளக்கம். அலை ஒதுக்கும் கல்லையும் கட்டையையும் பொறுக்கி அதைத் திரும்பக் கட்ட வேண்டும். வருஷக்கணக்காகக் கட்டினாள். கூடவே ஒரு நாய் வளர்ந்தது. அதற்குத் தவிடு என்று பெயர் வைத்திருந்தாள். பட்டறையில் யார் என்ன திட்டினாலும், பொத்தானை அமுக்கினால் தவிடு வாலை ஆட்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடிவரும்.

"உனக்குப் புருஷன் அமையாத குறைய இந்த நாய் தீத்துடுச்சு" என்பாள் அக்கா.

"உனக்குப் புருஷன் அமைஞ்ச குறைய எது தீக்குது?" என்பாள் சின்னவள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அத்தான் தானாகவே அவளிடம் பேசினார். வழக்கமில்லாத வழக்கம். வீட்டு கன்சோலையும் கையடக்க கன்சோலையும் ஒப்பிட்டு 'இறுதித் தீர்ப்பு' என்று ஒரு வீடியோ போடப் போகிறாராம். அதற்கு அவளுடைய கருவி வேண்டுமாம். புதிதாக ஒன்று வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்பதால் இரவல். அவள் துடைத்துக் கொடுத்தாள்.

வீடியோவை அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் பார்த்தாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல அத்தான் அவளுடைய கருவியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வீட்டு கன்சோல் யானை, மக்களே! அதுக்கு நிக்க இடம் வேணும், தீனி வேணும், மரியாதை வேணும். பார்த்தாலே கும்பிடத் தோணும். இது?" காதருகே வைத்துக் குலுக்கினார். "பூனைன்னு சொல்லலாம்னு நெனச்சேன். பூனை கோவிச்சுக்கும். இது கிலுகிலுப்பை. வரிசையில காத்திருக்கிறவங்க அழாம இருக்கக் குடுக்கிற கிலுகிலுப்பை."

அவளுக்கு அதற்குக் கோபம் வரவில்லை. அதில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. கையடக்கத்தில் எழுத்து எறும்பு அளவுதான். கழுத்து வலிக்கும். எதிரிக்குக் கடைசி மூச்சு ஓடும்போது பார்த்து பேட்டரி கண்ணை மூடும். அக்கா வீட்டு ஹாலில் அந்தப் பெரிய திரையில் கடலைப் பார்த்த அன்று, தண்ணீர் தரையில் ஊற்றிவிடுமோ என்று அவளே காலைத் தூக்கிக்கொண்டவள்தான். ஆனால் அந்தக் கடல் தெரிய வேண்டுமானால் அக்கா சீரியலைப் பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டும். யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. தும்மல் வந்தால் அடுக்களைக்குப் போய்த் தும்ம வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது: கையடக்கம் காத்திருக்கிறவர்களோடு இருக்கும், வீட்டு கன்சோல் வீட்டையே காத்திருக்க வைக்கும்.

கோபம் வந்தது மறுநாள். கருவி திரும்பி வந்து, பிளாஸ்டரை ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கியபோது. படகுத்துறை வெறுமையாக இருந்தது. தூரத்தில் கலங்கரை விளக்கம், ஆதியில் கிடந்தது போலவே, கற்குவியலாகக் கிடந்தது. 'நல்வரவு. உங்கள் பெயர் என்ன?' என்று திரை கேட்டது. அவள் படகுத்துறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், என் கேம் எங்க?"

"எந்த கேம்?"

"தீவு. நாய் இருந்துச்சே."

"ஓ, அதுவா." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சோதனை பண்ண எடம் பத்தல. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் என்னோடத ஏத்தினேன். துறையில இதுக்குச் சுத்தமான சோதனைன்னு பேரு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அட, பொம்மைதானேம்மா! மறுபடி மொதல்லருந்து ஆடிக்கோ. பஸ் ஸ்டாப்ல உனக்கு இல்லாத நேரமா?"

அவள் கத்தவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கோபமும் அவள் ஊற்றுகிற பிளாஸ்டர் மாதிரிதான்: ஊற்றும்போது தண்ணீர், அசைக்காமல் விட்டால் கல். அவள் அசைக்காமல் விட்டாள். இந்த மனிதரைத் திட்டினால் போதாது, மன்னிப்புக் கேட்க வைத்தாலும் போதாது, வெறும் படகுத்துறையில் இவரும் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் அது இறுகிக்கொண்டே போனது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? வந்தது. அதுவும் யானையே பூனையைத் தேடி வந்தது.

நகரத்தில் கன்சோல் விற்கும் பெரிய கடைக்காரர் ஒருவர், கடை வாசலில் ஆள் உயரப் படம் வைக்க ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தார். அத்தான் தன் முகத்தை நீட்டினார். கடைக்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். "நேர்ல பார்த்துடலாம் சார்" என்றார். 'கரும்பாறைக் கோட்டை' என்று ஒரு கேம் அப்போது எல்லாரையும் அழவைத்துக்கொண்டிருந்தது. அதன் கடைசி வாசலில் நிற்கிற இரும்புக் காவலனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வீழ்த்தியதாக அத்தான் சேனலில் அளந்திருந்தார். கண்ணைக் கட்டக்கூட வேண்டாம், அதை வருகிற ஞாயிறு மத்தியானம், தன் கண்முன்னால், மக்கள் பார்க்க லைவாகச் செய்து காட்டட்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை.

அத்தானும் "கரும்பு தின்னக் கூலியா?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் பிடிமானத்தோடு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டும் அவரால் அந்தக் காவலனின் முழங்காலைத் தாண்ட முடிந்ததில்லை. ஒவ்வொரு முறை செத்துவிழும்போதும் கன்ட்ரோலரை சோபாவில் வீசுவார். அடுத்த வேளைச் சாப்பாட்டில் உப்புக் குறையும், அல்லது கூடும். அக்கா எப்படிச் சமைத்தாலும்.

இரண்டு நாளில் அக்கா போன் செய்தாள். "ஒரு எட்டு வந்துட்டுப் போடி."

போனாள். ஹாலில் அத்தான் சோபாவில் இருந்தார். எதிர் நாற்காலியில் சின்னவளை உட்கார வைத்தார்கள். நடுவில் அக்கா நின்றாள். அத்தான் மனைவியிடம் பேசினார்.

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழமை ஒரு சின்னத் தொழில்நுட்ப உதவி வேணும்னு."

அக்கா திரும்பினாள். "சின்னத் தொழில்நுட்ப உதவியாம்டி."

"கேட்டுச்சு. சுவர் எதுவும் இல்லையே நடுவுல."

"கன்ட்ரோலர் என் கையிலதான் இருக்கும்னு சொல்லு. எனக்குக் கொஞ்சநாளா மணிக்கட்டு வலி. அதனால, அந்தக் கடைசிக் கட்டத்த மட்டும், உள்ள பெட்ரூம்ல உக்காந்து அவளோட அந்த..." என்று இழுத்தார்.

"கிலுகிலுப்பை" என்று சின்னவள் எடுத்துக் கொடுத்தாள்.

"...அந்தக் கருவியில ஆடினா, படம் வயர் இல்லாம டிவியில வந்துடும். என் கணக்கையே அதுல போட்டுக்கலாம். நான் விட்ட எடத்துலருந்து ஆரம்பிக்கும்."

"அதாவது நான் பாடுவேன், அத்தான் உதட்ட அசைப்பாரு."

"அது வேற, இது வேறன்னு சொல்லு!"

"அப்ப ஹால்ல இருக்கிற யானை?"

அக்காதான் சொன்னாள்: "அது சும்மா விளக்கெரிஞ்சுக்கிட்டு நிக்குமாம்."

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய் வாயாலும் கெஞ்சினாள். "இது மட்டும் சொதப்பினா ஒரு மாசத்துக்கு இந்த வீட்ல மனுஷி இருக்க முடியாதுடி. எனக்காகச் செய்."

"உனக்காகத்தான் செய்யப் போறேன்" என்றாள் சின்னவள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அத்தான் தன் கணக்கின் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி மனைவி மூலமாகவே கொடுத்தார். 'ஈடிணையற்றவன்'. சின்னவள் அதை முகம் கோணாமல் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள், மெழுகு ஆறும் நேரத்தில், ஈடிணையற்றவனின் கணக்குக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஒரு ராஜ்ஜியமே இருந்தது. வருஷங்களாக ஆடிய கேம்கள். ஓட்டிய கார்கள், பிடித்த கோட்டைகள், வாங்கிய பதக்கங்கள், அலமாரி அலமாரியாக. கரும்பாறைக் கோட்டையைத் திறந்தாள். கடினம் என்ற இடத்தில் 'மிக எளிது' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம்: 'கதையை மட்டும் ரசிக்க விரும்புகிறவர்களுக்கு.' அவளுக்குச் சிரிப்பு வந்து, பக்கத்து மேசைக்காரி "என்ன, பல்லு சிரிக்குதா?" என்று கேட்டாள். சின்னவள் அதை மாற்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். சில பொருள்கள் இருக்கிற இடத்தில் இருந்தால்தான் அழகு.

ஞாயிறு மத்தியானம் ஹால் நிறைந்தது. கடைக்காரர் நடு நாற்காலியில். அவர் அருகில் அத்தானின் ஆபீஸ் இளநிலை ஊழியன். அவனுக்கு அக்கா 'தலையாட்டி' என்று பெயர் வைத்திருந்தாள். மேலும் சில நண்பர்கள், ஸ்டாண்டில் நிற்கும் போன், அதன் வழியாக 'மக்கள்'. அத்தான் கறுப்புச் சட்டை போட்டு, இல்லாத வலிக்கு மணிக்கட்டுப் பட்டை கட்டியிருந்தார். டிவிக்குக் கீழே வீட்டு கன்சோல் நீல விளக்கோடு, பட்டத்து யானை அலங்காரம் செய்துகொண்டு சும்மா நிற்குமே அதுபோல நின்றது. பெட்ரூமில் கட்டில் ஓரத்தில் சின்னவள், மடியில் தலையணை, தலையணைமேல் பூனை. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அதன் வழியாக சோபாவின் பக்கவாட்டும் அத்தானின் கைகளும் தெரிந்தன.

"ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை" என்றார் அத்தான். பல வார்த்தைகள் சொன்னார். யானை வந்தது, தீனி வந்தது, மரியாதை வந்தது. "கிலுகிலுப்பையை வச்சுக்கிட்டு இந்தக் காவலன் முன்னாடி நிக்க முடியுமா, மக்களே?"

"முடியவே முடியாது சார்!" என்றான் தலையாட்டி.

சின்னவள் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

நன்றாகவே ஆடினாள். அதில் அவள் குறை வைக்கவில்லை. பலி கொடுக்கிற ஆட்டுக்கு முதலில் மாலை போட வேண்டும். காவலன் கோடரியை ஓங்கினால் இவள் காலடியில் இருந்தாள். மிதிக்க வந்தால் முதுகில் இருந்தாள். ஹாலில் கைதட்டல் ஏற ஏற, அத்தான் செத்த கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார், சாய்ந்தார், நிமிர்ந்தார், "விட மாட்டேன்டா!" என்று கர்ஜித்தார். அவர் இடதுபக்கம் சாயும்போது திரையில் வீரன் வலதுபக்கம் பாய்ந்தான். யாரும் கவனிக்கவில்லை, கடைக்காரர் மட்டும் கண்ணைச் சுருக்கினார். காவலன் மலை சரிவதுபோல் சரிந்தான். எல்லாரும் எழுந்து தட்டினார்கள்.

அத்தான் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு, போனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

திரையில் வீரன் குதித்தான்.

"அட, இன்னும் ஆடுது!" என்றார் ஒரு நண்பர்.

அத்தான் பாய்ந்து கன்ட்ரோலரை எடுத்தார். வீரன் கல்லாய் நின்றான். "பட்டன் அழுந்திடுச்சு" என்று சிரித்தார். கடைக்காரர் கைகுலுக்க எழுந்து வந்தார். மறுபடி கன்ட்ரோலர் கீழே. வீரன் செத்துக் கிடந்த காவலனைச் சுற்றித் தட்டாமாலை சுற்றினான். எடுத்தார், நின்றான். வைத்தார், உட்கார்ந்து எழுந்து தோப்புக்கரணம் போட்டான். எடுத்தார். ஒரு கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டே மறுகையால் கை குலுக்கினார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

"சார் கைய எடுத்தாலும் கேம் சார் பேச்சக் கேக்குது!" என்றான் தலையாட்டி, மனப்பூர்வமாக.

அப்புறம் வீரன் மறைந்தான். திரையில் மெனு வந்தது. கணக்கின் அலமாரி திறந்தது. வரிசையில் முதலாவதாகக் கரும்பாறைக் கோட்டை, பக்கத்தில் ஆட்டப் பேராசான் என்ற பெயர், அதன் பக்கத்தில், கதவளவு திரையில் கதவு எழுத்தில், 'மிக எளிது'.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். "மிக... எளிது."

"அது... போன வாரம் விருந்தாளி வீட்டுக் கொழந்த ஒண்ணு வந்து மாத்திடுச்சு" என்றார் அத்தான். பெரிய திரைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர், அது இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாமே என்று முதன்முறையாக எண்ணியிருப்பார்.

பெட்ரூமுக்குள் தேநீர்த் தட்டோடு அக்கா ஓடிவந்தாள். "என்னடி பண்ற? அங்க அவருக்கு மூஞ்சியெல்லாம்..." என்றவள் கையடக்கத்தின் திரையைப் பார்த்தாள். எறும்பு எழுத்து. குனிந்து வாசித்தாள். 'இந்தக் கணக்கில் உள்ள எல்லாச் சேமிப்புகளும், எல்லாக் கருவிகளிலிருந்தும் அழிக்கப்படும். தொடரவா? ஆம். இல்லை.' அதே கேள்வி ஹாலில் கதவு எழுத்தில் நின்றது. குறிமுள் 'ஆம்' மேல் நின்றது.

"வேண்டாம்டி" அக்கா தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். "நீ பஸ் ஏறிப் போயிடுவ. நான்தான் இந்த வீட்ல இருக்கணும்."

சின்னவளின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. "சரி. அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். 'வேண்டாம், சின்னவளே'ன்னு. சொன்னா கைய எடுத்துடறேன். உன்மேல சத்தியம். அவரு சொல்லலன்னா, நீ சொல்ற வரைக்கும் அமுக்க மாட்டேன்."

இரண்டு பேரும் கதவிடுக்கில் காதை வைத்தார்கள்.

ஹாலில் எல்லாரும் திரையையே பார்த்தார்கள். அத்தானின் வாய் திறந்து மூடியது. கண் பெட்ரூம் கதவுக்கும் போனுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் அல்லாடியது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ராஜ்ஜியம் தப்பும், ராஜா போய்விடுவார். சொல்லாவிட்டால் ராஜா தப்புவார்.

"சார், இது என்ன, எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது?" என்றார் கடைக்காரர் மெதுவாக. கதவிடுக்கை அவரும் பார்த்துவிட்டார் போலிருந்தது.

அத்தான் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பதினோராயிரம் தடவை கேட்ட செருமல் அது.

"மக்களே" என்றார் போனைப் பார்த்து. "இது... இது என் திட்டம்தான். ஜெயிச்சத சேத்து வச்சுக்கிறவன் வியாபாரி. ஜெயிச்சதத் துறக்கிறவன்தான் வீரன். இன்னையோட எல்லாத்தையும் அழிச்சிட்டு வெறுங்கையோட மறுபடி ஆரம்பிக்கப் போறேன். இந்த முடிவுல என் மனைவிக்கும் முழு சம்மதம்!"

அக்கா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"முழு சம்மதம்" என்றாள். "அமுக்குடி."

சின்னவள் அமுக்கினாள்.

அலமாரிகள் ஒவ்வொன்றாக இருண்டன. கார்கள் போயின, கோட்டைகள் போயின, பதக்கங்கள் போயின. பெரிய திரை என்பதால் எல்லாம் மிகத் தெளிவாகப் போயின. கடைசியில் திரை கேட்டது: 'நல்வரவு. உங்கள் பெயர் என்ன?'

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தலையாட்டி அழுதேவிட்டான். அத்தானும் அழுதார், அதை எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் அவர் தோளில் கைபோட்டு, போனைப் பார்த்து அறிவித்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம கடையில! பேராசான் சார் மொதல்லருந்து ஆரம்பிக்கிறார். அதுவும் இந்த வாட்டி 'மிகக் கடினம்'. எல்லாரும் வாங்க!" பிறகு குரலைத் தாழ்த்தி, கதவிடுக்கு பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே, அத்தானின் காதில் சொன்னார்: "கை யாரோடதா இருந்தாலும் கடைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க சார். எனக்கு யானையும் சரக்கு, பூனையும் சரக்கு."

சின்னவள் பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அத்தான் அன்று வீட்டில் குதித்தாரா என்றால், குதிக்க முடியவில்லை. எதற்குக் குதிப்பது? 'என் திட்டம்தான்' என்று மக்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது. மனைவியின் முழு சம்மதத்தையும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது. உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். அக்கா ஹாலில் சீரியல் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்து.

வாரத்தின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து ஆட வேண்டும் என்று சின்னவளுக்கு மனைவி மூலமாகத் தூது விட்டார். பதில் வந்தது: "என் கருவிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கேக்காம அழிச்சேன், தப்புன்னு சேனல்ல சொல்லட்டும். அப்புறம் யோசிக்கிறேன்." அத்தான் ஒரு நாள் முழுக்கக் கொதித்தார். அடுத்த நாள் பேரம் பேசலாம் என்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்தார்.

பட்டறையின் முன்பக்கம் சுவரை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் பல் செட்டை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், கன்னம் ஒட்டி, வாயைக் கைக்குட்டையால் மறைத்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவள் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணாடியைத் தட்டினார்.

"சின்னவளே, ரெண்டே நிமிஷம்."

முதன்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூது இல்லாமல் கேட்டிருந்தார். அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"பிளாஸ்டர் இறுகணும் அத்தான். நடுவுல கைய எடுத்தா பல்லு கோணிடும். அப்படி வரிசையில உக்காருங்க, கூப்பிடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரம் போக கையில எதாவது கொண்டு வந்தீங்களா?"

அத்தான் தன் வெறுங்கையைப் பார்த்தார். யானையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. போய் உட்கார்ந்தார். ஒரு ஈ வந்து முழங்காலில் உட்கார்ந்தது, அதை விரட்டினார், கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வராதா என்று பார்த்தார்.

சின்னவள் பிளாஸ்டரை அச்சில் ஊற்றித் தட்டிச் சமன் செய்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். ஏப்ரன் பையிலிருந்து கருவியை எடுத்தாள். புதிதாகத் தொடங்கிய தீவில் இப்போதுதான் ஒரு நாய்க்குட்டி படகுத்துறைப் பக்கம் வந்து மோப்பம் பிடிக்கப் பழகியிருந்தது. தவிடு இல்லை அது. தவிடு வரப்போவதும் இல்லை. கலங்கரை விளக்கத்துக்கு முதல் வரிசைக் கல் வைக்க அவள் நடந்தாள். குட்டி பின்னாலேயே வந்தது. பிளாஸ்டர் எப்போதோ இறுகிவிட்டது. அவள் இன்னொரு கல் பொறுக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அத்தானுக்கு அடுத்த நாற்காலிக்காரர் கைக்குட்டையை விலக்கிக்கொண்டு பரிவோடு குனிந்தார்.

"உங்களுக்கு எத்தனை பல்லு போச்சு தம்பி?"

அத்தான் கண்ணாடி வழியாக அவளுடைய கட்டைவிரல்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே போச்சுங்க" என்றார்.

"கவலப்படாதீங்க. இந்தப் பொண்ணு கைவேலை சுத்தமா இருக்கும். காத்திருக்கத்தான் வேணும்."